அலகும் மெழுக்கும் தோண்டியும்

திருச்சிற்றம்பலம்.



சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்து திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஓர் அம்மையார் கையை நீட்டிவிட்டு நகராமல் நின்றார். "ஐயா, மாமியார் படுக்கையில் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் பரீட்சைக்குப் படிக்கின்றன. நீங்கள் காலையில் ஒரு மணி நேரம் பூசை செய்யுங்கள், பதிகம் ஓதுங்கள் என்கிறீர்கள். உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்க எனக்கு நேரம் இல்லை. பூசை செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் இப்போது சேர்ந்துகொண்டது" என்றார்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சுமையை இறக்கிவைக்கத்தானே சாமியிடம் போகிறோம்? அதுவே இன்னொரு சுமையாகிவிட்டால் அந்தத் தாய் எங்கே போவாள்? அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் பெரியபுராணத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர் என்று ஓர் ஊர். அங்கே வேளாளர் குலத்தில் புகழனார், மாதினியார் என்ற தம்பதி. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார். இளையவர் மருள்நீக்கியார், பிற்காலத்தில் நாம் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் பெருமான் என்றும் கும்பிடுகிறோமே, அவர்தான்.

அக்காவுக்கு 12 வயது. கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்கு அவரைப் பேசி முடிக்கிறார்கள். திருமணம் நடப்பதற்குள் அரசன் கட்டளைப்படி மாப்பிள்ளை வடநாட்டுப் போருக்குப் போய்விடுகிறார். அந்தச் சமயத்தில் புகழனார் நோயில் விழுந்து சிவபதம் அடைகிறார். கணவரைப் பிரிந்திருக்க மாட்டாமல் மாதினியாரும் உயிர் விடுகிறார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் போர்க்களத்திலிருந்து செய்தி வருகிறது: கலிப்பகையாரும் இல்லை.

ஒரு வீட்டில் அடுத்தடுத்து மூன்று சாவு. எஞ்சி நிற்பது ஒரு சிறுமியும் அவளுடைய தம்பியும். அப்பா இல்லை, அம்மா இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவரும் இல்லை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

திலகவதியார் உயிரை விடத் துணிகிறார். தம்பி காலில் விழுந்து அழுகிறான். அப்பா அம்மா போன பிறகும் உன்னைக் கும்பிடலாம் என்றுதான் நான் இருக்கிறேன். நீயும் போவதென்றால் உனக்கு முன்னால் நான் போய்விடுகிறேன் என்கிறான். தம்பி உயிரோடு இருக்க வேண்டுமே என்பதற்காகத் தாமும் இருக்கச் சம்மதிக்கிறார் அந்த அம்மை.

அந்தத் தம்பியாவது பக்கத்தில் இருந்தானா? வளர்ந்தான், தருமங்கள் செய்தான், உலகம் நிலையாதது என்று உணர்ந்தான், உண்மையைத் தேடிப் பாடலிபுரத்துச் சமண மடத்துக்குப் போய்விட்டான். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தான். யாருக்காக உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தாரோ, அவனும் விலகிப் போய்விட்டான்.

இப்போது திலகவதியார் என்ன செய்தார்? இதைத்தான் அந்த அம்மையாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கெடில நதிக்கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்தார். பக்கத்தில் ஒரு மடம் அமைத்துக்கொண்டார். தினமும் பொழுது விடியும் முன் எழுந்தார். கோயிலைப் பெருக்கினார். சாணமிட்டு மெழுகினார். பூப்பறித்து மாலை கட்டினார். சிவபெருமானிடம், "தம்பியை ஆட்கொள்ள வேண்டும்" என்று வேண்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

திருவதிகை எப்பேர்ப்பட்ட தலம்! அட்ட வீரட்டானங்களில் ஒன்று. முப்புரத்தையும் இறைவன் எரித்த இடம். மூன்று கோட்டைகளைச் சிரித்தே சாம்பலாக்கியவன் சந்நிதியில் இந்த அம்மை என்ன கொண்டு போனார்? ஒரு துடைப்பம். அந்தத் துடைப்பத்தைத்தான் நம் மரபு 'திருவலகு' என்று 'திரு' சேர்த்துக் கும்பிடுகிறது.

தாய்மார்களே, கவனியுங்கள். மனம் அமைதியான பிறகு பெருக்கலாம் என்று திலகவதியார் காத்திருந்தாரா? மூன்று சாவைக் கண்ட மனசு எப்போது அமைதியாகும்? கையை முதலில் அனுப்பினார். கை போன இடத்துக்கு மனசு பின்னால் வந்தது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். மனசு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் விளக்கேற்றலாம் என்கிறோம். துன்ப காலத்தில் மனசு வரவே வராது. அதனால் விளக்கும் எரிவதில்லை.

ஒருநாள் இறைவன் அவர் கனவில் வந்தார். கவலையை விடு, உன் தம்பியைச் சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் என்று அருளினார். சூலை என்றால் குடலை முறுக்கும் வயிற்றுவலி. வரம் கிடைத்துவிட்டது; ஆனால் வரம் வந்த வடிவத்தைப் பாருங்கள். தம்பி துடித்தார். மந்திரம், மருந்து எதற்கும் வலி கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அந்த மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அக்கா. கடைசியில் தம்பியே, உடன் வந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார்.

நம் வீடாக இருந்தால் என்ன நடக்கும்? வெகுகாலம் கழித்துத் தம்பி வந்திருக்கிறான், அதுவும் உயிர் போகிற வலியோடு. இன்றைக்குக் கோயில் வேலையை யார் பார்ப்பது என்றுதானே விட்டுவிடுவோம்?

திலகவதியார் விடவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் தம்பிக்குத் திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி நேரம் வந்தது. வழக்கம்போல் அலகை எடுத்தார், மெழுகுவதற்குச் சாணம் எடுத்தார், நீர் முகக்கத் தோண்டியை எடுத்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். அந்த இடத்தில், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான், வெளியே இரவின் இருட்டும் உள்ளே நெஞ்சின் இருட்டும் சேர்ந்தே விலகின என்று பாடுகிறார். தம்பி சந்நிதியில் விழுந்து வணங்கிப் பாடினார். நாலாம் திருமுறையின் முதல் பதிகம் அதுதான். வலி தீர்ந்தது. நாவுக்கரசு என்ற பெயர் பிறந்தது.

ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தம்பி திரும்பி வந்த அந்த வைகறையில் அக்கா புதிதாக என்ன செய்தார்? ஒன்றுமே இல்லை. ஆள் இல்லாத காலமெல்லாம் தினமும் நடந்த அதே பாதையில் அன்றும் நடந்தார். தடம் ஏற்கெனவே விழுந்திருந்தது. வலியால் தள்ளாடி வந்தவனுக்கு அந்தத் தடத்தில் கால் வைத்தால் போதும் என்றிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், வாழ்க்கை நெருக்குகிற காலத்தில் பெரிய பூசை வேண்டாம். சின்னத் தடம் ஒன்று வேண்டும். பத்தே நிமிடம். சொல்கிறேன், கேளுங்கள்.

கண் விழித்ததும் கை செல்போனுக்குப் போகக் கூடாது. என் தகப்பனார் நோயில் கிடந்த காலத்தில் நான் இந்தத் தவறைச் செய்தேன். விழித்தவுடன் அதைப் பார்ப்பேன்; கடன்காரர் செய்தி, ஆஸ்பத்திரிச் செய்தி, ஊர்ச் செய்தி எல்லாம் பல் தேய்க்கும் முன்பே நெஞ்சில் ஏறிவிடும். பிறகு தலைமாட்டில் ஒரு சம்புடத்தில் திருநீறு வைத்தேன். முதலில் அதை எடுத்துப் பூசி, ஐந்தெழுத்தை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் படுக்கையை விட்டு எழுந்தேன். கடன் குறையவில்லை, அதைச் சுமக்கிற நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அடுத்தது அலகு. வாசலைப் பெருக்குங்கள். அடுக்குமாடி வீடா? சாமி படத்துக்கு முன்னால் இரண்டு முழம் இடம் இருக்குமே, அதைப் பெருக்குங்கள். எப்படியும் நாம் செய்கிற வேலைதான். ஆனால் "இது உன் கோயில், நான் அலகிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது தோண்டி. சிறு சொம்பில் புதுத் தண்ணீர் பிடித்து இறைவன் முன் வையுங்கள். பூ இருந்தால் ஒரு பூ, இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒரு விளக்கு ஏற்றுங்கள். பிறகு அந்தத் தண்ணீரையே வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்கு முதல் வாயாகக் கொடுங்கள். மாமியாருக்குத் தண்ணீர் கொடுப்பது பூசைக்கு இடைஞ்சல் அல்ல, தாயே. அதுவே பூசையின் முடிவு.

நான்காவது, ஒரே ஒரு வேண்டுதல். பட்டியல் போடாதீர்கள். திலகவதியார் போன உயிர்களைத் திருப்பிக் கேட்கவில்லை. தம்பிக்காக மட்டும் கேட்டார். இன்று யாருக்காக உங்கள் வயிறு எரிகிறதோ, அந்த ஒருவர் பெயரைச் சொல்லி இறைவனிடம் ஒப்படையுங்கள்.

இதுவும் முடியாத நாள் வரும். இரவெல்லாம் கண் விழித்த நாள், காய்ச்சலில் கிடக்கிற நாள். அன்று திருநீறு மட்டும் போதும். கையைத் தூக்கக்கூட முடியாவிட்டால் படுத்தபடியே ஐந்தெழுத்தைச் சொல்லுங்கள். குற்றம் ஒன்றும் இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மருந்து சாப்பிட வேண்டியவர்கள் மருந்தை விடாதீர்கள். மனம் தாங்கவில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்றால் உடனே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். திலகவதியாரையும் அந்த இடத்தில் நிறுத்தியது ஒரு மனிதக் குரல்தான்; தம்பியின் அழுகைதான்.

முடிக்கும் முன் ஒன்று சொல்லவேண்டும். அப்பர் பெருமான் திருவுருவத்தைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். கையில் என்ன இருக்கும்? உழவாரப்படை. புல் செதுக்குகிற கருவி. மன்னனையே எதிர்த்து நின்றவர், ஊர் ஊராகப் பதிகம் பாடிய பெரும்புலவர். ஆனால் அவர் கையில் ஏடும் எழுத்தாணியும் இல்லை. அக்கா கையில் அலகு, தம்பி கையில் உழவாரம். எங்கே கற்றார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆறாம் திருமுறையில் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்று இருக்கிறது. அதில் அப்பர் தம் நெஞ்சையே, பிள்ளையைக் கூப்பிடுவதுபோல வா என்று கூப்பிடுகிறார். நிலைபெற வேண்டும் என்று எண்ணுகிறாயா, அப்படியானால் என்ன செய் என்கிறார்? தினமும் கோயிலுக்குப் போ. புலரும் முன் பெருக்கு. மெழுகு. பூமாலை கட்டு. புகழ்ந்து பாடு. ஓதிப் பாருங்கள், அலகு முதலில், மெழுக்கு அடுத்து, மாலை அதற்கடுத்து. அக்கா திருவதிகையில் செய்த அதே வேலை, அதே வரிசை.

தம்பிக்கு அக்கா நீண்ட உபதேசம் செய்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை; இறைவனைப் பணிந்து பணி செய்யுங்கள் என்று சுருக்கமாகச் சொன்னதோடு சரி. திருநீறு கொடுத்தார், முன்னால் நடந்தார். நாளைக் காலையில் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பாதித் தூக்கத்தில் படுத்துக்கொண்டு, அம்மா பெருக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நிற்காமல் இருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.