காட்டை மீட்பது என்றால்

மீட்பு என்ற சொல்லை எங்கள் கடற்கரையில் இரண்டு இடங்களில் அடிக்கடி கேட்கலாம். ஒன்று மாதா கோவில், இன்னொன்று அடகுக்கடை. கோவிலில் மீட்பவர் ஒருவர் வருவார், மீட்கப்பட வேண்டியவர்கள் காத்திருப்பார்கள். அடகுக்கடையில் கணக்கு வேறு. கம்மலைக் கொண்டுபோய் வைத்தது ஒருவர், பணத்தைச் செலவழித்தது இன்னொருவர், வட்டி கட்டி மீட்பது பெரும்பாலும் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவள். சில ஆண்டுகளாக மூன்றாவது ஓரிடத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. காடு மீட்பு, பனை மீட்பு, தேரி மீட்பு. இந்த மூன்றாவது மீட்பு கோவிலில் சொல்லும் மீட்பா, அடகுக்கடையில் நடக்கும் மீட்பா? இதில் வட்டி கட்டப்போவது யார்?

நான் சாகுபுரத்தில் இருக்கிறேன். தொழிற்சாலையோடு பிறந்த ஊர், பெயரும் அதை நடத்திய குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு பக்கம் ஆறுமுகனேரி உப்பளங்கள், இன்னொரு பக்கம் காயல்பட்டினம், அப்புறம் கடல். இங்கிருந்து திருச்செந்தூர் வழியாகக் காயாமொழிப் பக்கம் போனால் குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய மணல், ரத்தம் காய்ந்த நிறம். ஆனி, ஆடிக் காற்றில் இந்த மணல் எழுந்து நடக்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் பனை, உடை, பிறகு வனத்துறை வைத்த கொல்லாமரம் எல்லாம். குடை விரித்தாற்போல் தட்டையாக நிற்கும் உடைமரம், அதன் காயைத் தின்ன வரும் ஆடுகள், இடையிடையே வேம்பு, இசங்கு, விடத்தலை. மழை பெய்தால் மணல் அத்தனையையும் குடித்துவிட்டு, பள்ளத்தில் ஓரிடத்தில் சுனையாகத் திருப்பிக் கொடுக்கும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் காவல் இருப்பது அப்படி ஒரு சுனைக்குத்தான்.

வகுப்பில் பிள்ளைகளிடம் நம் பக்கத்தில் உள்ள காடு எது என்று கேட்டால் யாரும் தேரியைச் சொல்வதில்லை. காடு என்றால் அவர்களுக்கு வடக்கே, மலை மேல், பச்சையாக, பாடப்புத்தகத்தில் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் படத்தில் இருப்பது. அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

கார்வால் மலைக்காடு கலப்புக்காடு. பாஞ்ச் என்கிற ஓக் மரமும் சீர் என்கிற பைனும் அங்கே முக்கியம். ஆங்கிலேய வனத்துறைக்குப் பைன் பிடித்தது. பிசின் கிடைக்கும், ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை கிடைக்கும். ஓக் மரத்தால் கஜானாவுக்குப் பெரிய லாபமில்லை. ஆனால் மாட்டுக்குத் தழை, வயலுக்கு மக்கிய இலை, அடுப்புக்கு விறகு, ஊற்றில் தண்ணீர் எல்லாம் ஓக்கிலிருந்து. பைன் சருகு எளிதில் தீப்பற்றும், அதன் அடியில் தழையும் புல்லும் குறையும். ஆக, மரத்தின் எண்ணிக்கை குறையாமலேயே ஒரு காட்டைப் பெண்களிடமிருந்து எடுத்துவிட முடியும். வரைபடத்தில் அது காடாகவே இருக்கும்.

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் இருபத்தேழு பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தது எல்லோரும் அறிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1980-ல் டூங்கரி பைந்தோலியில் நடந்தது. ஓக் காட்டை வெட்டி உருளைக்கிழங்கு விதைப்பண்ணை அமைக்க ஊர் ஆண்கள் சம்மதித்துவிட்டார்கள். பெண்கள் முடியாது என்றார்கள். காடு போனால் விறகுக்கும் தழைக்கும் கூடுதலாகக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கப்போவது அவர்கள். பண்ணையின் பணம் அவர்கள் கைக்கோ பிள்ளைகள் வயிற்றுக்கோ வரும் என்பதற்கு உறுதியில்லை. அந்தக் காடு தப்பியது. இங்கே எதிரே நின்றது வெளியூர் ஒப்பந்தக்காரன் அல்ல, சொந்தப் புருஷனும் மாமனாரும். மரத்தைக் கட்டிப்பிடித்த படத்தில் அவர்கள் வருவதில்லை.

அதன் பிறகு வந்ததையும் சொல்ல வேண்டும். 1980-ல் ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டப் பதினைந்து ஆண்டு தடை வந்தது. இயக்கத்தின் வெற்றி என்று உலகம் கொண்டாடியது. அதே மலையில் பலர் பின்னாளில் கசப்போடு பேசினார்கள். வீட்டுக்கு உத்தரம் வேண்டுமென்றாலும் அனுமதி, சாலை வேண்டுமென்றாலும் அனுமதி. காட்டைக் காப்பாற்றியவர்களே காட்டுக்கு வெளியே நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் 'பெண் என்றாலே இயற்கை' என்ற பேச்சை நான் நம்ப மறுக்கிறேன். வந்தனா சிவா 1988-ல் எழுதிய நூலில் அந்தத் தொனி பலமாக இருக்கிறது. பீனா அகர்வால் 1992-ல் அதற்குப் பதில் எழுதினார். காட்டோடு பெண்ணுக்கு உள்ள உறவு கருப்பையிலிருந்து வருவதல்ல, அவள் செய்யும் வேலையிலிருந்தும் அவளுக்கு இல்லாத சொத்திலிருந்தும் வருவது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இது ஏட்டுச் சண்டையாகத் தெரியவில்லை. பெண் இயல்பாகவே காட்டின் தாய் என்று சொல்லிவிட்டால், காட்டைக் காக்கும் வேலையையும் தாய்மையின் கணக்கில், கூலியில்லாமல், எழுதிவிடலாம். தாய்மை என்று சொல்லி நம்மிடம் வாங்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் இன்னொன்று.

தேரிக்கு வருவோம். கார்வாலில் பெண்கள் விரும்பிய மரமும் சூழலுக்கு நல்ல மரமும் ஒன்றாக இருந்தன. எங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே அடுப்பில் எரிவது சீமைக்கருவேல்.

இந்த மரம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. 1877 வாக்கிலேயே தென்னிந்தியாவில் விதைத்துவிட்டார்கள். காமராஜர் கொண்டுவந்தார் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள், அவர் பிறந்தது 1903-ல். ஆடும் மாடும் காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் போட, அது முளைக்கும். வெட்டினால் தூரிலிருந்து நான்கு மடங்காகத் துளிர்க்கும். அதன் அடியில் உடைக்கன்று எழும்புவது கடினம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இதை நாட்கணக்கில் கெடு வைத்து அகற்றச் சொன்னது. சில மாதத்தில் அதற்குத் தடையும் வந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதா, இல்லையா, பறவைகள் என்னாகும் என்று பெரிய விவாதம். அவசியமான விவாதம்தான். அடுப்பைப் பற்றிய பேச்சை அதில் நான் அதிகம் கேட்கவில்லை.

தேரி ஓரத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா இருக்கிறார். காலில் முள் ஏறி மூன்று தடவை கீறி எடுத்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டேன். "வெட்டட்டும் டீச்சர், யாரு வேண்டாங்கா? முள்ளு குத்திச் சீழ் பிடிச்சது எனக்குல்லா. ஆனா மறுநாளு எரிக்கதுக்கு என்னத்த வைக்க?" என்றார். சிலிண்டர் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, டீயும் அவசரச் சோறும் அதில். நெல் அவிக்க, குளிக்க வெந்நீர் வைக்க, விசேஷத்துக்குக் குழம்பு கொதிக்க எல்லாம் விறகு. அதுபோக மீதியைக் கட்டாகக் கட்டி விற்றால் கைக்காசு. வீட்டில் யாரிடமும் கேட்காமல் அவர் செலவழிக்கிற ஒரே காசு அது. விளாத்திகுளம், கமுதிப் பக்கம் போனால் கரிமூட்டத்தில் குடும்பம் குடும்பமாக இதே மரத்தை நம்பிப் பிழைக்கிறார்கள்.

அவரது தேவையே முடிவான நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கட்டு விறகு காட்டை விலைக்கு வாங்கிவிடாது. உடைமரத்தில் கூடு கட்டும் குருவிக்கும், சுனைக்கும், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் தேரியில் பங்கு இருக்கிறது. காட்டுக்கென்று ஒரு நியாயம் உண்டு, அது நம் உபயோகத்தோடு முடிந்துபோவதில்லை என்றே நினைக்கிறேன். என் கேள்வி அதற்கு அடுத்தது. காட்டுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றால், அதை அடைக்க முதலில் யாருடைய கம்மலைக் கழற்றச் சொல்கிறோம்? செம்மண்ணை லாரி லாரியாக அள்ளியவரையா, இல்லை தலைச்சுமை விறகு எடுத்தவளையா? வேலி போட்டால் லாரி வேறு பாதை கண்டுபிடித்துவிடும். தலைச்சுமைக்காரிதான் சுற்றி நடப்பாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதற்குத் திரும்புவது? தேரி மணலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற இடங்களைப் பற்றி ஸொய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே எழுதினார்கள். மனிதக் கால் படாத தேரி என்று ஒன்று நம் நினைவுக்கு எட்டிய காலத்தில் இல்லை. ஆகவே மீட்பு என்பது பழையதைத் தேர்ந்தெடுப்பது. எந்தப் பழையதை என்பதைச் சொல்கிறவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது.

பனை மீட்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் தமிழ்நாட்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை எழுபத்தாறு லட்சம் பனை விதைகளை விநியோகிப்பதாக அறிவித்தது. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கருப்பட்டி பனையில் காய்ப்பதில்லை. ஆண் ஏறி இறக்கிய பதனீர், விடிலியில் பெண்ணின் அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டும். பொங்கி வழியாமல் ஆமணக்கு முத்து தட்டிப் போட வேண்டும். பதம் ஒரு நிமிடம் தவறினால் அன்றைய உழைப்பு பாகாகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல் போகும். சிரட்டையில் ஊற்றி, ஆறவைத்து, எடுத்து அடுக்கும்வரை அவள் எழுந்திருக்க முடியாது. கோடையில், பனை ஓலைக் கூரைக்குள், புகையில். தொழிலுக்குப் பெயர் பனையேற்றம், தொழிலாளிக்குப் பெயர் பனையேறி. கிண்டியவளுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. அந்த அடுப்புக்கு வேண்டிய விறகையும் அவளே பொறுக்கினாள்.

பனை பலன் தரப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று விதைப்பவர்கள் தங்கள் மனத்தில் அந்த விடிலியையும் விதைக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை, கருப்பட்டி மணக்கிறது. என்னிடம் படிக்கும் பெண்களில் பலருடைய பாட்டிகள் அங்கே உட்கார்ந்தவர்கள். பேத்திகள் யாரும் திரும்பிப் போக விரும்பவில்லை. அது மண்ணை மறந்த குற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு காடு மீள்வதற்கு ஒரு பெண் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால், அந்தக் காட்டின் திட்டத்தில் ஏதோ கோளாறு. புகையில்லாத அடுப்பு, கூட்டுக்கொதிகலன், கிண்டுகிறவளுக்குத் தொழிலாளி என்ற பதிவும் கூலியும், விற்பனையில் பேர்போட்ட பங்கு இவை வந்தால் பேத்தி யோசிப்பாள். வராவிட்டால் பனை நிற்கும், மணலைப் பிடிக்கும், நுங்கு தரும். அதுவும் காடுதான். எல்லாப் பனையையும் சீவியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

பீனா அகர்வால் 2010-ல் வெளியிட்ட ஆய்வு குஜராத்திலும் நேபாளத்திலும் ஊர் வனக்குழுக்களைப் பார்த்தது. குழுவில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால்தான் அவர்கள் வாய் திறக்கிறார்கள், பேச்சு எடுபடுகிறது என்று அவர் கண்டார். ஒருத்தியை மட்டும் மூலையில் உட்காரவைத்தால் நடக்காது. நேபாளத்தில் பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்குக் கிடைத்தது சிறிய, சீரழிந்த காடுகள். இருந்தும் அவை நன்றாகத் தழைத்தன. பெண்களுக்கு மரத்தின் மேல் தனிப்பாசம் என்று இதற்கு அர்த்தமில்லை. விதி போட்டபோது தானும் இருந்தவள் விதியை மதித்தாள், அவ்வளவுதான். தன்னைக் கேட்காமல் போட்ட விதியை விறகுக்காக மீறுவதும் அவள்தான்.

பெரியம்மாவிடம் பிறகு ஒருநாள், உங்களைக் கேட்டு வெட்டினால் எப்படி வெட்டச் சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. சுனைப் பக்கம் முதலில். ஊர் ஓரத்தில் உள்ளதை ஐந்து வருசம் தொடாமல் வைக்க வேண்டும், அதற்குள் உடை தலைக்கு மேல் போய்விடும், காய்ந்த கம்பு அதில் கிடைக்கும். வெட்டிய விறகு ஊர்ப் பெண்களுக்கு. தூர் பறிக்கும் கூலி பெண் பெயரில் உள்ள பாஸ்புக்கில். வேலி போட்டால் வாசல் ஒன்று, அதன் சாவி குழுவில்.

"அப்புறம் அந்த ஜூன் மாசத்துல வந்து போட்டோ பிடிச்சிக் கன்னு வைக்காவள்லா, அத நிறுத்தச் சொல்லுங்க டீச்சர். பெறவு ஆனிக்காத்து அடிச்சா மணலு மூடிரும். ஐப்பசில நாலு மழ விழுந்த பெறவு வந்தா, குழி நாங்களே தோண்டி வச்சிருப்போம்."