விருந்தும் விரயமும்



ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மனிதன் எவ்வளவு செலவிடலாம் என்னும் கேள்வி நமதூர்த் தேநீர்க் கடைகளில் சில ஆண்டுகளாக அடிபட்டு வருகிறது. பிரான்சு தேசத்து டயர்க் கம்பெனியான மிச்செலின், 1900-ஆம் ஆண்டில் மோட்டார் ஓட்டுவோருக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1926 முதல் அதில் சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறார்கள். டயருக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். வண்டி ஓடினால்தானே டயர் தேயும்! வியாபாரிகளாகிய நமக்கு இது விளங்காததல்ல. அந்தப் புத்தகம் 2022 டிசம்பரில் முதன்முறையாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சேர்த்து வெளிவந்தபோது, ஜார்ஜ் டவுனில் ஓ ஜார்தான், ஆன்டி கெய்க் லியான் என்ற இரண்டு இடங்கள் ஆளுக்கொரு நட்சத்திரம் பெற்றன. பின்னது நியோன்யா சமையல். முன்னதோ ஐரோப்பிய முறைச் சமையல். அங்கே 'டேஸ்டிங் மெனு' என்னும் வரிசை விருந்து.

இந்த வரிசை விருந்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இன்னது கொண்டு வா என்று நாம் கேட்பதில்லை. சமையற்காரர் அன்று எதை ஆக்க நினைத்தாரோ அதுவே எல்லா மேசைக்கும் வரும். எட்டு அல்லது பத்து வகை, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்க்கு. உட்கார்ந்து எழ இரண்டரை மணி நேரம் ஆகும்.

மது பரிமாறும் கடைக்கு இந்நாட்டில் ஹலால் சான்றிதழ் கிடையாது. அத்தகைய இடங்களைப் பற்றி நமக்குள் வாதமே இல்லை. அங்கே விலை பார்க்கும் கேள்விக்கு முன்பே பதில் முடிந்துவிடுகிறது. நான் எழுத வந்தது, மது இல்லாமல், ஹலாலான பண்டங்களைக் கொண்டு இதே முறையில் நடக்கும் ஓர் இடத்தைப் பற்றி. பெயர் வேண்டாம்.

என் மகன் வேலையில் சேர்ந்து முதற் சம்பளம் வாங்கியதும், "வாப்பா, ஒரு நாள் என்கூட வாங்க" என்று அழைத்துப் போனான். தலைக்கு 320 வெள்ளி. 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 6 சதவீத வரியும் சேர்த்து இருவருக்கும் 742 வெள்ளி 40 காசு. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே கட்டைவிரல் அளவு மீன்துண்டு வந்தது. அதன்மேல் பாலிக் புலாவ் ஜாதிக்காயை இழைத்துத் தூவியிருந்தார்கள். பரிமாறிய பையன் ஜாதிக்காயின் வரலாற்றை எனக்குச் சொல்லத் தொடங்கினான். இருபது வருடமாக அதை மூட்டைக் கணக்கில் விற்று வருகிறவன் நான்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் வாயில் வைத்தபோது, இத்தனை வருடமும் அதை முகர்ந்ததன்றி ருசித்ததில்லையோ என்று தோன்றியது உண்மை.

அத்தோடு விட்டேனா? இல்லை. ஆறாவது தட்டு வந்தபோது வாய் திறந்து கணக்குச் சொன்னேன். நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நம் கடையில் மூட்டை தூக்குகிற தம்பியின் பதினோரு நாள் உழைப்பை நாம் இருவரும் இரண்டரை மணி நேரத்தில் தின்று தீர்க்கிறோம் என்றேன். மகன் ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த இரண்டு தட்டையும் தலை குனிந்தபடியே உண்டான்.

நிற்க. நான் சொன்னது மார்க்கமா, கஞ்சத்தனமா? அன்றிரவிலிருந்து இதுதான் என்னை அரிக்கிறது.

உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்து சூரத்துல் அஃராஃபில் வருவது நாம் எல்லோரும் ஓதியதுதான். அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். விலையில் என்றால், விற்கிற அந்தச் சமையற்காரர் மேல் குற்றமில்லை. விலை ஏறியபோது அதற்குக் கட்டு விதிக்குமாறு கேட்டவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. ஒளிவுமறைவின்றி, இருவர் மனமொப்பி நடந்த வியாபாரம் வியாபாரந்தான். அன்றியும் அவருடைய கணக்கையும் பார்த்தேன். ஓர் இரவில் இருபது பேருக்குமேல் உட்கார இடமில்லை. ஒரு முறைதான் பந்தி. அடுப்படியிலும் வெளியிலுமாகப் பத்துப் பேர் வேலை. என் கடையை அப்படி நடத்தினால் நானும் அந்த விலைதான் சொல்லவேண்டி வரும்.

இன்னொன்றும் கவனித்தேன். அங்கே எதுவும் வீணாகவில்லை. முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தவர்கள்தாம் வருகிறார்கள். இத்தனை தலை, இன்ன பண்டம் என்று காலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே மீனின் தலையும் முள்ளும்கூடச் சாறாகி மேசைக்கு வந்தன. தட்டுகள் துடைத்ததுபோலத் திரும்பிப் போயின. நம் கல்யாண மண்டபங்களை நினைத்துப் பார்த்தேன். ஆயிரம் பேருக்கு என்று ஆக்குகிறோம், எழுநூறு பேர் வருகிறார்கள். வந்தவர்களும் பாதித் தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போகிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி கறுப்புப் பையில் கட்டிப் பின்வாசலில் கிடக்கிறது. அதைப் பார்த்து எந்த வாப்பாவும் மகனிடம் கூலிக் கணக்குச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் மூத்த மகள் கல்யாணத்திலும் அந்தப் பைகள் இருந்தன.

அப்படியானால் என் மனம் உறுத்தியது எதனால்? பல நாள் யோசித்தபின் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிழையிருந்தால் ஆலிம்கள் திருத்தட்டும்.

ஊரில் என் பாட்டனார் வீட்டில் விருந்தென்றால் சுப்ரா விரித்து ஸஹன் வைப்பார்கள். ஒரு ஸஹனில் நாலு பேர். ஐந்தாவதாக ஒருவர் வந்துவிட்டால் எல்லோரும் கொஞ்சம் ஒருக்களித்து உட்காருவார்கள், அவ்வளவுதான். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்னும் ஹதீதை நாங்கள் கிதாபில் ஓதுமுன்பே ஸஹனில் கண்டவர்கள். இங்கேயும் நாசி கண்டார் எப்படி வந்தது? நம் முன்னோர் தோளில் காவுதடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் ஆணமுமாகத் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்து விற்றதுதான். இன்றும் அந்த வரிசையில் வங்கி மேனேஜரும் லாரி டிரைவரும் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு வயிறு நிறைகிறது. அந்த வரிசை விருந்திலோ இருவர் உணவு இருவருக்குத்தான். மூன்றாமவனுக்கு அங்கே நாற்காலியே கிடையாது. அந்த ஏற்பாட்டில் ஒரு குறையுமில்லாததே எனக்குக் குறையாகத் தெரிந்தது.

ஆனால் இதை வைத்து அதை ஹராம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் இரண்டாம் பாகத்தை உண்ணும் ஒழுக்கத்தைக் கொண்டே தொடங்குகிறார்கள். வயிற்றின் இச்சையை அடக்குவதை மூன்றாம் பாகத்தில் வைத்துத் தனியே பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு பாடம் என்பதை நான் அன்று மறந்துவிட்டேன். விருந்தாளிக்கும் ஒழுக்கம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதே இல்லை என்று ஹதீதில் வருகிறது. என் மகன் படாடோபத்துக்காக அழைக்கவில்லை. படம் பிடித்து யாருக்கும் அனுப்பவுமில்லை. நான் வாழ்நாளெல்லாம் கடையில் நின்றபடியே தின்கிறேன், ஒரு நாளாவது உட்கார்ந்து உண்ணவேண்டும் என்று நினைத்தான். இதைப் பிறகு என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

செலவிடுகையில் வரம்பு மீறாமலும் கையை இறுக்காமலும் நடுவில் நிற்பவர்களை சூரத்துல் ஃபுர்கான் மெச்சுகிறது. வரம்பு மீறுவதைப் பற்றி மட்டுமே நாம் பயான்களில் கேட்டுப் பழகிவிட்டோம். கை இறுக்கம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு தக்வாவாகவே தோன்றுகிறது; அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தம்பியின் கூலியை நான் மகன் முன்னால் எடுத்துப் போட்டேனே, அந்தத் தம்பிமேல் அன்றைக்கு எனக்கு அத்தனை இரக்கமா? இரக்கமிருந்தால் அவன் சம்பளத்தை உயர்த்தும் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மறுமாதம் உயர்த்தினேன். எவ்வளவு என்று எழுதுவது முறையல்ல, பெருமைப்படும் அளவுக்குமில்லை.

மகனிடம் இன்னும் பேசவில்லை. பெருநாள் விடுமுறைக்கு வருகிறேன் என்று போன் செய்தான். இந்த முறை நானே அழைத்துப் போகலாமென்று இருக்கிறேன். நாசி கண்டார் வரிசையிலா, அந்த எட்டுத் தட்டு மேசையிலா என்று அவனையே கேட்கவேண்டும்.