எட்டாம் நாள்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் சனம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். புதுச் சட்டையை மடித்து வைத்தாயிற்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நினைப்பு வந்தாயிற்று. ஆனால் அன்று வாசிக்கும் நற்செய்தி எந்த ஆண்டிலும் மாறுவதில்லை. யோவான் இருபதாம் அதிகாரம். பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த சீடர்கள், அவர்கள் நடுவே வந்து நின்ற ஆண்டவர், எட்டு நாள் கழித்துத் தோமையார்.

2019 ஏப்ரல் 28ஆம் திகதிக்குரிய வாசகமும் அதுவே. அன்று கொழும்பில் அதைக் கேட்கப் போவதற்கு ஒரு கோயிலும் திறந்திருக்கவில்லை. முந்தின ஞாயிறு, ஏப்ரல் 21, காலை 8.45க்கு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்திருந்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். செத்தவர்கள் 260 பேருக்கு மேல். அவர்களில் எத்தனை குழந்தைகள்! அடுத்த ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தபடி, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களின் கதையைக் கேட்டோம். அந்த அதிகாரத்தை அதற்கு முன் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அன்றுதான் அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

சிலருக்கு வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை. கொச்சிக்கடைக்குப் போய், படையினர் மறித்து வைத்திருந்த தெருவில் நின்றார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள். 8.45க்குக் கோயில் மணி அடித்தது.

அந்த நற்செய்தியில் நான் எப்போதும் நின்றுவிடும் இடம், கைகளைக் காட்டும் இடம். சாவையே வென்றவருக்கு ஆணி துளைத்த அடையாளத்தை அழிப்பது ஒரு பெரிய காரியமா? அவர் அழிக்கவில்லை. அதைக் காட்டித்தான் தன்னை அவர்களுக்கு அடையாளப்படுத்தினார். செத்த வீட்டில் நாங்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "காலம் போகப் போக எல்லாம் மறந்துபோகும்." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அது உயிர்ப்பின் விசுவாசம் அல்ல. கட்டுவப்பிட்டியவில் உயிர்த்த இயேசுவின் சொரூபத்தின் மேல், குண்டு வெடித்த அன்று இரத்தம் தெறித்தது. அதைக் கழுவித் துடைத்துவிடாமல், இரத்தத்தோடேயே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு முழு மறைக்கல்வி இருக்கிறது என்று நம்புகிறேன்.

வெள்ளவத்தைக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1983 யூலைக் கலவரத்தில் வீடும் கடையும் எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலேறிப் போன சனத்தில் எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள். காலி வீதியில் மறுபடி கடை திறந்தார்கள். எரிந்ததை மறந்து திறந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

மன்னிப்பும் இப்படித்தான். 2020 ஏப்ரல் 12, அடுத்த உயிர்ப்பு ஞாயிறு. கொரோனா ஊரடங்கினால் அந்த ஆண்டும் கோயில் கதவுகள் பூட்டியே கிடந்தன. எங்களை அழிக்க வந்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் அன்று சொன்னார். அதே கர்தினால்தான் தாக்குதலின் பின்னாலே யார் இருந்தார்கள், உண்மை என்ன என்று ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பவரும். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த உயர் அதிகாரிகளும் இழப்பீடு கட்டவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மன்னித்த பிறகு ஏன் இன்னும் வழக்கும் விசாரணையும் என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டிய அறைக்குள் வந்தவர் சமாதானம் சொன்னார், சொன்ன கையோடு காயத்தையும் காட்டினார். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

குண்டுவெடிப்புக்குப் பிந்திய அந்த நாட்களின் மிகப் பெரிய விசுவாச அறிக்கை கோயிலுக்கு வெளியே சொல்லப்பட்டது என்பேன். குண்டோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதைச் சாட்டி, 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கினார்கள். ஒரு குற்றமும் செய்யாதவர்கள், தங்கள் கடைக்குள் தாங்களே பயந்து இருந்த காலம். அப்போது தெருமுனைக் கடைக்கு வழக்கம்போலப் போய், வழக்கம்போல ஒரு றாத்தல் பாண் வாங்கி, "எப்படி நானா, வீட்டில எல்லாரும் சுகமா?" என்று கேட்பதற்கு ஒரு பலம் வேண்டியிருந்தது. முதல் நாள்தான் செத்த வீட்டுக்குப் போய் வந்த கால்கள் அந்தப் படியில் ஏறவேண்டும். ஏறினவர்களும் இருந்தார்கள், மறுபக்கத்தால் சுற்றிப் போனவர்களும் இருந்தார்கள். பயமும் துக்கமும் சேர்ந்து அடைத்த மனதை நான் குறை சொல்லமாட்டேன். ஆண்டவரும் கதவைப் பூட்டினவர்களைக் குறை சொல்லவில்லை. பூட்டிய கதவைத் தாண்டி உள்ளே வந்தார். தோமையாருக்காக இன்னுமொரு தரம் வந்தார், எட்டு நாள் பொறுத்து.

அந்தோனியார் கோயில் 52 நாள் கழித்து, ஜூன் 12இல் திறந்தது. உடைந்ததைக் கடற்படையினர் கட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் 13, அந்தோனியார் திருநாள். அதற்குப் பிறகு அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமைகள் பழையபடி செவ்வாய்க்கிழமைகளாயின. ஜம்பட்டா வீதிப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள், வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள், நெற்றியில் திருநீறோடு வந்து மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள், சிங்களத்தில் முணுமுணுத்து வேண்டுகிறவர்கள். அந்த ஏப்ரலில் சொந்தத்தைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, சொரூபத்தைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறதென்று அவசரமாகப் படியிறங்குகிறார்கள்.