கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்

கரைவாழ் மக்களே, போகிற போக்கில் சற்றே நின்று கேளுங்கள். இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை. இரவில் நான்கு தடவை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகும் அப்பா நம் வீட்டில் இருக்கிறார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதைச் சொல்ல வெட்கப்பட்டு வாய் மூடிக் கிடக்கும் பெரியப்பா அடுத்த வீட்டில் இருக்கிறார். அவர் தலையணைக்கு அடியில் ஒரு டப்பா இருக்கிறது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்து வரவழைத்த ‘நெட்டில் ரூட்’ மாத்திரை. வீட்டுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. அந்த ஒளிவுமறைவைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த நெட்டில் வேரைப் பழிக்க வரவில்லை. நெட்டில் ஐரோப்பியக் குளிர்நிலத்துச் செடி, தொட்டால் சுணைக்கும். புராஸ்டேட் சுரப்பி வீங்கத் தொடங்கும் காலத்தில் சிறுநீர் கழிக்கும் சிரமத்துக்கு அதன் வேரைக் கொடுக்கலாம் என்று ஜெர்மனியின் ‘கமிஷன் ஈ’ என்ற மூலிகைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏற்ற கையோடு ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்தது: இது சிரமத்தைக் குறைக்கும், வீக்கத்தைக் குறைக்காது, ஆகவே தவறாமல் மருத்துவரைப் பாருங்கள் என்று. விளம்பரம் முதல் பாதியைச் சொல்கிறது, மறு பாதியை விழுங்கிவிடுகிறது. நாம் மாத்திரையை விழுங்குகிறோம்.

முத்துக்குளித்த ஊர் நம் தூத்துக்குடி. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தத் தொழில் கற்றுத்தந்த ஒழுங்கு நமக்குள் செத்துவிடக் கூடாது. முத்துச்சிப்பி விளையும் எந்தப் பாரிலும் கண்ட நாளில் கண்டவர் இறங்கியதில்லை. தோலாயிரம் பார் ஆனாலும் முதலில் மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்தார்கள். பக்குவமா என்று சோதித்தார்கள். அதன் பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். இறங்கியவனும் தனியே இறங்கவில்லை. தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்பான். கீழிருந்து சுண்டினால் மேலே இழுப்பான். அந்தக் கயிறு மச்சான் கையில் இருக்க வேண்டும் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு; கூடப்பிறந்தவள் தாலியை அவன் கைவிட மாட்டான் அல்லவா?

மருந்து விழுங்குவதும் ஒரு முங்கல்தான். உங்கள் கயிறு இன்று யார் கையில்?

இங்கே ஒரு குழப்பம் வேறு. நெட்டில் என்றதும் ‘அட, நம்ம காஞ்சொறிதானே, செந்தட்டிதானே’ என்று வேலியோரம் வேர் தோண்டுகிறவர் இருக்கிறார். இரண்டும் சுணைக்கும், ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். நெட்டிலின் ஆராய்ச்சி காஞ்சொறிக்குப் பொருந்தாது. காஞ்சொறியின் அளவு நெட்டிலுக்குப் பொருந்தாது. நம் சிறுகாஞ்சொறி வேருக்கும் ஒரு மரபு இருக்கிறது. 2020-இல் கொரோனாக் காலத்தில் வரிசையில் நின்று குடித்தோமே கபசுரக் குடிநீர், அதன் பதினைந்து சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. அது தனியாக வரவில்லை. பதினான்கு சரக்குகளோடு சேர்ந்து, சுத்தி செய்து, அளந்து, இத்தனை நாள் என்ற கணக்கோடு வந்தது. சித்தர் வழி கணக்கின் வழி. கணக்கை விட்டுவிட்டு வேரை மட்டும் பிடுங்குவது சித்த மருத்துவம் ஆகாது.

நம் மண்ணின் நிலாவரையைப் பாருங்கள். ‘திருநெல்வேலி சென்னா’ என்று உலகம் அறிந்த இலை. நம் துறைமுகத்தில் கப்பலேறிப் போகிறது. அமெரிக்காவில் அதை மலமிளக்கியாக விற்கும்போது, மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடாதே என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். நெடுநாள் சாப்பிட்டால் உடம்பின் பொட்டாசியம் இறங்கும், சிலவகை இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்தாகும். நம் இலைக்கு அங்கே எச்சரிக்கை உண்டு. அவர்கள் வேருக்கு நம் வீட்டில் எச்சரிக்கை இல்லை. இது நியாயமா?

சட்டமும் உறங்கவில்லை, நாம்தான் உறங்குகிறோம். புராஸ்டேட் கோளாறைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. துணை உணவாக விற்கும் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. முன்பக்கத்துப் படத்தைப் பார்க்கிற கண் பின்பக்கத்து எழுத்தையும் பார்க்கட்டும். படிக்கத் தெரியாத தாத்தாவுக்குப் படித்துச் சொல்வது பேரப்பிள்ளையின் கடமை.

தாமதத்தின் விலை என்ன தெரியுமா? இரவில் அடிக்கடி எழுப்புவது புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீர்ப்பைக் கல்லாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். உப்பளத்து வெயிலில் நின்று தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குக் கல் வருவது எளிது. எது என்று மாத்திரைக்குத் தெரியாது. அது சிரமத்தைத் தணிக்கத் தணிக்க, உள்ளே இருப்பது வளர வளர, நாம் ‘பரவாயில்லை’ என்று மாதங்களைக் கழிக்கிறோம். பிறகு ஒருநாள் ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கல்லாகும். அந்த இரவே ஆஸ்பத்திரியில் குழாய் போட்டாக வேண்டும். அடைப்பு நெடுநாள் நீடித்தால் சிறுநீரகமே கெடும். அன்றைக்கு டப்பா விற்றவன் நம் வாசலில் நிற்க மாட்டான்.

ஆகவே சொல்கிறேன். முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மருந்தைத் தேடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை, இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டாலும் கேட்காமல் இந்த வேரைத் தொடாதீர்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட அளவைக் கூட்டாதீர்கள். வயிறு கெட்டாலோ தோல் தடித்தாலோ நிறுத்துங்கள். காய்ச்சல், வலி, சிறுநீரில் இரத்தம், அடைப்பு என்றால் விடியட்டும் என்று காத்திராமல் ஓடுங்கள். அறுவைக்கு நாள் குறித்தால் முதல் பேச்சிலேயே மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர் நினைவில்லையா? டப்பாவையே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டு வாசலும் திறந்தே இருக்கின்றன. மூடியிருப்பது நம் வாய்.

இது ஒருவர் குற்றம் அல்ல, நம் எல்லாருடைய கணக்கு. அப்பாவின் தள்ளாட்டத்தைக் கண்டும் கேட்காத மகன் கணக்குச் சொல்ல வேண்டும். இருமல் மருந்து கேட்டாலே ஆயிரம் கேள்வி கேட்டு, இந்த மாத்திரையைக் கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் சொல்ல வேண்டும். மூலிகை என்றதும் சீறி விழுந்து நோயாளியை ஊமையாக்கும் டாக்டர் சொல்ல வேண்டும். கோவிலிலும் பள்ளிவாசலிலும் எல்லாம் பேசிவிட்டு இதை மட்டும் பேசாத நானும் சொல்ல வேண்டும். உயிர் நம் கையில் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். வெட்கத்துக்காக அதைத் தொலைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?’ என்று கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்புவார். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள். அந்த டப்பாவை அவரே எடுத்து உங்கள் கையில் வைப்பார். அப்போது தெரிந்துகொள்ளுங்கள்: கீழிருந்து கயிறு சுண்டுகிறது. இழுங்கள்.