ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தலாமா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கேட்டவுடன் வெளிதேசத்துச் செய்தி போலத் தெரியும். "பாஸ்டர், அமெரிக்காக்காரன் ஆப்பிரிக்காவுக்குக் குடுக்கிற காசை நிறுத்தினா நமக்கென்ன?" என்று நம்முடைய சபையின் வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கிறதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. உதவி செய்வது நம் இஷ்டம் என்றால், செய்துகொண்டிருக்கிற உதவியை நிறுத்துவதும் நம் இஷ்டம்தானா? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அந்த தேசத்துக் காங்கிரஸ் சபையில் பேசினார். ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி பேருக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறது, அவர்களில் 40 லட்சம் பேருக்கு மேல் உடனே மருந்து வேண்டும், ஆனால் கிடைப்பதோ 50,000 பேருக்குத்தான் என்று சொன்னார். ஐந்து வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் கேட்டார். அந்த வருஷம் மே மாதமே அது சட்டமாயிற்று. அந்தத் திட்டத்துக்குப் 'பெப்ஃபார்' என்று பெயர்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இந்த மருந்து ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேலே ஆகும். 2001 பிப்ரவரியில் நம்முடைய இந்தியக் கம்பெனியாகிய சிப்லா, மூன்று மருந்துகளையும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று முன்வந்தது. விலை அப்படி இறங்கினபடியால்தான் ஏழை ஜனங்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று நினைக்கவே முடிந்தது.

அமெரிக்க விசுவாசிகளுக்கும் இதில் பெரிய பங்குண்டு. வட கரோலினாவின் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் வெளிதேச உதவி என்றாலே எதிர்த்து நின்றவர். 2002-ல் பிராங்க்ளின் கிரகாமின் ஊழியம் வாஷிங்டனில் நடத்திய கூட்டத்தில் அவர் எழும்பி, எய்ட்ஸ் விஷயத்தில் இதுவரை மிகவும் கொஞ்சமே செய்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று சொன்னார். அந்த வருஷமே, தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த வியாதி தொற்றாமல் தடுக்க 50 கோடி டாலர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார்.

இருபது வருஷத்தில் இந்தத் திட்டத்துக்குச் செலவானது 10,000 கோடி டாலருக்கு மேல். இரண்டரைக் கோடி உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது அமெரிக்க அரசாங்கமே சொன்ன கணக்கு. 2024-ல் 2 கோடிக்கு அதிகமானவர்கள் இந்தத் திட்டத்தின் உதவியால் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜனவரி 20 அன்று புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி டிரம்ப், வெளிதேச உதவிகளை 90 நாள் நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டார். சில நாளில் எல்லா வேலையையும் நிறுத்துங்கள் என்று கடிதம் போயிற்று. பிறகு, உயிர் காக்கும் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு என்று சொன்னார்கள். ஆனால் மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர், ரத்தப் பரிசோதனை செய்கிறவர், வராதவரை வீடு தேடிப்போய் விசாரிக்கிறவர் இவர்களில் அநேகருக்கு அதற்குள் வேலை போய்விட்டது. பணம் போய்ச் சேருகிற வழியும் அடைபட்டிருந்தது. மார்ச் 10 அன்று, யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு மந்திரி ரூபியோ அறிவித்தார். 1961-ல் ஜனாதிபதி கென்னடி ஏற்படுத்திய அந்த நிறுவனம் 2025 ஜூலை 1-ல் மூடப்பட்டது. பெப்ஃபார் முழுவதும் நின்றுபோகவில்லை. அதே ஜூலையில் அதிலிருந்து 40 கோடி டாலரை வெட்டலாம் என்று வந்த யோசனையைச் செனட் சபை ஏற்றுக்கொள்ளவில்லை.

நிறுத்தச் சொன்னவர்களின் நியாயம்

நிறுத்தச் சொன்னவர்கள் எல்லாரும் இரக்கமில்லாதவர்கள் என்று நாம் தீர்த்துவிடக் கூடாது. அவர்களில் நம்மைப்போல முழங்கால்படியிட்டு ஜெபிக்கிற விசுவாசிகளும் உண்டு. அவர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்போம்.

முதலாவது, சொந்த வீட்டை முதலில் பார் என்கிறார்கள். 2025-ல் அமெரிக்க அரசாங்கத்தின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தன் வீட்டாரைக் கவனியாதவனைப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில் எவ்வளவு கடினமாகப் பேசுகிறார் என்று நமக்குத் தெரியும். துணை ஜனாதிபதி வான்ஸ் 2025 ஜனவரியில், முதலில் குடும்பம், பிறகு அயலார், பிறகு சொந்த ஊர், சொந்த தேசம், அதற்குப் பிறகுதான் மற்ற உலகம், இதுதான் கிறிஸ்தவ முறை என்று பேசினார். அவர் பேசினது குடியேறிகளைப் பற்றி. ஆனால் உதவியைப் பற்றின வாக்குவாதத்திலும் ஜனங்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அமெரிக்க பிஷப்மார்களுக்கு எழுதின கடிதத்தில் நல்ல சமாரியன் உவமையைக் காட்டி இதற்குப் பதில் சொன்னார்.

இரண்டாவது, பணம் போகிற இடத்தைப் பற்றின சந்தேகம். மொசாம்பிக் தேசத்தில் இந்தத் திட்டத்தின் பணத்தில் வேலை செய்த நான்கு நர்சுகள் கருக்கலைப்பு செய்திருந்தார்கள் என்பது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. அது மனச்சாட்சியை உறுத்துகிற காரியம்தான்.

மூன்றாவது, இருபது வருஷம் ஆயிற்றே, இன்னும் எத்தனை காலம் என்கிறார்கள்.

நான்காவது, வரிப்பணம் கட்டாயமாக வாங்குகிற பணம், அதைக் கொடுப்பது இரக்கம் ஆகுமா என்கிறார்கள். சமாரியன் தன் சொந்தப் பையிலிருந்துதானே கொடுத்தான்!

இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நர்சுகள் செய்த தப்புக்கு அவர்களைத்தான் விசாரிக்க வேண்டும், வரிசையில் நிற்கிற நோயாளியை அல்ல. வரி கொடுத்தவனுக்குச் சமாரியனுடைய நற்பெயர் கிடைக்காது என்பதும் சரி. ஆனால் எகிப்தில் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தை வாங்கிச் சேர்த்துவைத்தது பார்வோனுடைய அரசாங்கம். அந்தக் களஞ்சியத்தின் வாசலில் தானியத்துக்காக வந்து நின்றவர்களில் கானான் தேசத்தாராகிய யோசேப்பின் சகோதரரும் இருந்தார்கள். யோசேப்பு சும்மா கொடுக்கவில்லை, விற்றான் என்பதும் வேதத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்நியன் என்று கதவைச் சாத்தவில்லை. அரசாங்கத்தின் கையாலும் தேவன் ஜனங்களை உயிரோடே காக்கிறார்.

சொந்த வீடு முதலில் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசை என்பது யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். கடைசியில் நிற்கிறவனுக்கு ஒன்றுமே இல்லை என்று அது சொல்லாது. 2025-ல் அமெரிக்க ஜனங்களிடம் கே.எஃப்.எஃப். என்ற அமைப்பு ஒரு கேள்வி கேட்டது. அரசாங்கச் செலவில் எத்தனை சதவீதம் வெளிதேச உதவிக்குப் போகிறது? சராசரியாக அவர்கள் சொன்னது 26 சதவீதம். உண்மையில் அது சுமார் 1 சதவீதம். வைத்தியத்துக்கு என்று போவது அதிலும் ஒரு பகுதிதான். பிள்ளைகளின் சாப்பாட்டை எடுத்து அந்நியருக்குப் போட்டார்கள் என்று சொல்ல இதில் இடமில்லை.

பந்தியில் உட்கார வைத்த பிறகு

இப்பொழுது என் மனதில் பாரமாயிருக்கிற காரியத்துக்கு வருகிறேன். நான் கேட்பது கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அல்ல. கொடுக்க ஆரம்பித்துவிட்ட பிறகு எப்படி நிறுத்துவது என்பதைத்தான் கேட்கிறேன்.

இந்த மருந்தின் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரையைப்போல ஐந்து நாள் சாப்பிட்டு முடிக்கிறது அல்ல இது. கிருமியை இது அடக்கிவைக்கும், அடியோடு அழிக்காது. தினந்தோறும், உயிருள்ளவரை எடுக்க வேண்டும். ஒழுங்காக எடுத்தால் கிருமி ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துபோகும், தாம்பத்தியத்தில் மற்றவருக்குத் தொற்றாது. மருந்தே எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்ற நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்பு உண்டு. எடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும். நிறுத்தினாலோ சில வாரங்களில் கிருமி மறுபடியும் எழும்பும். விட்டு விட்டு எடுத்தால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமி உண்டாகலாம்.

ஆகவே இந்த மருந்தைக் கையில் கொடுக்கிறவர் ஒரு தரம் தர்மம் செய்துவிட்டுப் போகிறவர் அல்ல. "நாளைக்கும் தருவேன்" என்று வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சொன்னதற்குச் சமம். வாங்கினவன் அதை நம்பித்தான் கலியாணம் பண்ணுகிறான், பிள்ளை பெறுகிறான், வேலைக்குப் போகிறான்.

நம் ஊரில் கலியாண வீட்டுக்கு எல்லாரையும் அழைக்க முடியாது. அழைக்காமல் விட்டால் மனஸ்தாபம் வரும், அவ்வளவுதான். ஆனால் அழைத்து, பந்தியில் உட்காரவைத்து, சோறு போட்ட பிறகு இலையை இழுத்தால்? "இது என் வீட்டுச் சோறு, என் இஷ்டம்" என்று சொல்ல முடியுமா? சோறு உன்னுடையதுதான், ஐயா. ஆனால் அவனை உட்காரச் சொன்னது யார்?

கொரிந்து சபைக்குப் பவுல் இரண்டாம் நிருபத்தில் எழுதினதை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்க்கிற காரியம் அது. கொரிந்தியர் அவர்களைப் பார்த்ததுகூட இல்லை. எட்டாம் அதிகாரத்தில் பவுல், இதை நான் கட்டளையாகச் சொல்லவில்லை என்கிறார். உங்களை வருத்தி மற்றவர்களைச் சுகமாய் இருக்கப்பண்ண வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்றும் சொல்லுகிறார். ஆனால் போன வருஷமே நீங்கள் ஆரம்பித்தீர்கள், ஆரம்பித்ததைச் செய்து முடியுங்கள் என்று கேட்கிறார். ஆரம்பிப்பது மனப்பூர்வம். ஆரம்பித்த பிறகு அது கடமையாகிவிடுகிறது. நல்ல சமாரியனும் காயம் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகிற செலவுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு போனான். அந்த வார்த்தையை நம்பித்தான் சத்திரக்காரன் கதவைத் திறந்தே வைத்தான்.

அப்படியானால் நிறுத்தவே கூடாதா?

நிறுத்தலாம். எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் நீதி இருக்கிறது.

நம்முடைய தமிழ்நாட்டையே பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1995 முதல் சென்னை அடையாறு வி.எச்.எஸ். மூலமாக இங்கே நடந்த எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கு அமெரிக்க யு.எஸ்.எய்ட் பணம் வந்தது. நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிற நம் சகோதரருக்கு எச்சரிப்பு சொல்ல, முகம் தெரியாத அமெரிக்கன் கட்டின வரி பயன்பட்டது. பிறகு 2004 ஏப்ரல் 1 முதல் நம்முடைய அரசாங்கமே இலவசமாக ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்க ஆரம்பித்தது. இன்றைக்கு நம் தேசத்தில் இந்தச் செலவைப் பெரும்பாலும் நாமே சுமக்கிறோம். தென்னாப்பிரிக்காவிலும் 2025-க்கு முன்பே எய்ட்ஸ் செலவில் பெரும்பகுதியை அந்த தேசமே ஏற்றுக்கொண்டிருந்தது. பெப்ஃபார் கொடுத்தது சுமார் 17 சதவீதம். மூன்றாவது நியாயம் கேட்டவர்களுக்கு இதுவே பதில். உதவி வாங்கினவன் எழும்பி நிற்க முடியும். எழும்பிவிட்டானா என்று பார்த்துத்தான் கையை எடுக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட புதிய திட்டமும், மருந்துக்கும் நோயாளியை நேரடியாகக் கவனிக்கிற ஊழியருக்கும் பணம் தொடரும், அந்தந்த அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று சொல்லுகிறது. முன்கூட்டியே சொல்லி, தவணை குறித்து, மாற்று ஆளை நிறுத்திவிட்டு விலகுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஜனவரியில் செய்ததை வைத்துப் பார்க்கும்போது, இந்த யோசனை முதலில் வந்திருக்க வேண்டும். கடனும் சிக்கனமும் ஒரு ராத்திரியில் கதவைப் பூட்டுவதற்குக் காரணமாகாது.

நமக்குச் சொல்லுகிற பாடம்

தேவ பிள்ளைகளே, அமெரிக்கப் பட்ஜெட்டைத் தீர்மானிக்க நம்மைக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் இதே காரியம் நம்முடைய கைக்கும் வருகிறது.

ஒன்று, சுகமளிக்கும் கர்த்தரை நான் விசுவாசிக்கிறேன். தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறேன். அதேசமயத்தில், "மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்" என்று ஒருவரிடத்திலும் நான் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதிருங்கள். நம்முடைய நடுவிலும் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிவருகிற சகோதரரும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் என்னோடும் கர்த்தரோடும் இருக்கிறது. சுகம் கிடைத்ததா என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும், நாம் சாட்சி சொல்லுவோம். ஒருவருடைய மருந்தைப் பணத்தை நிறுத்தி நிறுத்தினாலும், பிரசங்கத்தால் நிறுத்தினாலும், வியாதி எழும்பும்போது இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது, சபையாக நாம் செய்கிற உதவிகள். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு, ஒரு விதவைத் தாயாரின் அரிசி, டயாலிசிஸ் போகிற ஐயாவின் பஸ் செலவு. உணர்ச்சிவசப்பட்டு ஆராதனையில் கை தூக்கிவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து, "இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்கு பாஸ்டர்" என்கிறோம். அந்தப் பிள்ளை அப்போது எட்டாம் வகுப்பில் பாதியில் நிற்கிறது. இனிமேல் கமிட்டியில் எந்த உதவியை ஆரம்பித்தாலும் மூன்று காரியத்தை எழுதிவைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு? எத்தனை வருஷம்? நம்மால் முடியாமற்போனால் யார் ஏற்றுக்கொள்வார்? வாங்குகிறவர்களுக்கும் அதை மறைக்காமல் சொல்லுவோம். கொஞ்சமாய்க் கொடுத்தாலும் கடைசிவரை கொடுப்போம்.

மருந்துக்காக வெகுதூரம் நடந்துபோய், பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பின தாய்மார்களுக்காக இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். தீர்மானம் எடுக்கிற அதிகாரிகளுக்காகவும், பொறுப்பேற்கிற ஆப்பிரிக்க அரசாங்கங்களுக்காகவும், நிறுத்தச் சொன்ன நம் அமெரிக்க சகோதரருக்காகவும் ஜெபிப்போம். தவறாமல் வாருங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்