சூரைச்செடி நிழலில் ஒரு மூப்பர்



ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றின் மூப்பர் அண்மையில் எம்மைக் காண வந்திருந்தார். பத்திரிகைச் சந்தாப் பணத்தை மேசையில் வைத்தவர் எழும்பிப் போகாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சுவாமி, இனி எனக்கு ஏலாது. வேறை ஆரையும் போடச் சொல்லுங்கோ."

2009இல் யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து சனம் ஊர் திரும்பியபோது, கூரையில்லாத கோவிலைச் சுற்றி முதலில் பற்றை வெட்டியவர் இவர்தான். அன்று தொடக்கம் கோவில் திறப்பு இவர் மடியில். மாலைச் செபமாலை, பிள்ளைகளின் மறைக்கல்வி, செத்த வீட்டுச் செபம், திருநாள் கணக்கு எல்லாம் இவர் தலையில். இப்போது கூட்டத்துக்கு அறிவித்தால் ஐந்து பேர் வருகிறார்களாம். அதில் இருவர் கணக்குக் கேட்க வருகிறவர்கள். "நான் ஒருத்தன் கிடந்து மாயுறன்" என்றார்.

இந்த வார்த்தையை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். அவர் போன பிறகு வேதாகமத்தை எடுத்து, அரசர் முதலாம் நூலின் 19ஆம் அதிகாரத்தை விரித்தேன்.

கார்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினர் முன் தனித்து நின்று வென்றவர் எலியா. அத்தகைய வீரர், ஈசபேல் அரசி அனுப்பிய ஒரு மிரட்டல் செய்திக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளனையும் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைத் தரும்படி கடவுளைக் கேட்கிறார். மனச்சோர்வு தோல்விக்குப் பின்தான் வரும் என்று எண்ணுகிறோம். எலியாவுக்கோ அது வெற்றிக்கு அடுத்த படியில் வந்தது. கூரை போட்டு முடித்த பின்னரே எங்கள் மூப்பருக்கும் கால் தளர்ந்திருக்கிறது.

கடவுள் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. பிரசங்கம் வைக்கவுமில்லை (எம்மைப் போன்ற குருக்கள் இதைக் கவனிக்க வேண்டும்). தூதர் ஒருவர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு சாடித் தண்ணீரையும் காட்டுகிறார். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துவிடுகிறார். மறுபடியும் தட்டி எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. அதன் பின்னரே ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை.

மலையிலே மெல்லிய குரல் கேட்ட பின்னும் எலியா மாறிவிடவில்லை. முன்பு சொன்ன அதே முறைப்பாட்டை எழுத்துப் பிசகாமல் இன்னொரு தரம் சொல்கிறார்: எல்லாரும் போய்விட்டார்கள், மிஞ்சியது நான் மட்டும் என்று. ஒரு தியானத்தோடு சோர்வு பறந்துவிடும் என்று நினைப்போருக்கு இதைச் சொல்கிறேன். கடவுள் அந்த முறைப்பாட்டோடு வாதாடவில்லை, கணக்கைத் திருத்துகிறார். பாகாலுக்கு முழந்தாளிடாத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். அவர்களில் ஒருவரும் எலியாவின் கண்ணில் படவில்லை!

எங்கள் நாட்டிலேயே இப்படி ஒரு கணக்கு உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, குருக்களைத் துரத்தி, எங்கள் வழிபாட்டைத் தடுத்தார்கள். 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து இறங்கியபோது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இங்கே குரு இல்லை. விசுவாசம் செத்திருக்கும் என்று யாரும் நினைத்திருக்கலாம். அவரோ செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு கண் கலங்கிய வீடுகளில் ஏழாயிரத்தில் ஒரு பங்கைக் கண்டுகொண்டார். 1692இல் கண்டியில் உளவாளி என்று சிறையிடப்பட்டார். கோவாவிலிருந்து உடன் குருக்கள் வந்து சேரும்வரை, பல ஆண்டுகள், தனியே உழைத்தார். ஆனால் தனியே சுமந்தாரா? இல்லை. ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நம்பி வேலையைக் கையளிப்பதே அந்த மறைப்பணியின் வழக்கமாயிற்று. 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் தெரியாத அந்த மூப்பர்மாரையும் நாம் நினைத்திருக்க வேண்டும்.

மோசேயும் இப்படித்தான் பாரம் தாங்காமல் சாவைக் கேட்டவர். எழுபது மூப்பரைச் சேர்க்கும்படி கடவுள் சொன்னார். கூடாரத்துக்கு வராத இருவர் மேலும் ஆவி இறங்கியது. யோசுவா பதறிப்போய், தடுக்கச் சொன்னார். மோசே தடுக்கவில்லை, மக்கள் எல்லாருமே அப்படி ஆகமாட்டார்களா என்று ஏங்கினார்.

இந்த இடத்தில் எங்கள் மூப்பரிடம் நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லவேண்டும். "கோவில் திறப்பை எப்போதாவது வேறு ஆரிடமும் குடுத்திருக்கிறீங்களோ?"

"குடுத்தால் துலைச்சுப்போடுவாங்கள், சுவாமி."

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்புக்குரிய விடயமல்ல. தனிமையில் பாதி மற்றவர்கள் எமக்குச் செய்தது; மீதிப் பாதி நாமே கட்டிய வேலி. இதை எழுதும் எனக்கும் அந்த வேலி உண்டு. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் நானே பார்க்கவேண்டும் என்று இரவில் விழித்திருந்து, காலையில் எல்லாரோடும் எரிந்து விழுகிறேன்.

வாசகர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு வராமல், மதகில் இருந்து மூப்பரின் கணக்கைப் பேசுகிறவர்கள் யார்? அவருடைய வயல் வெட்டுக்கு வந்தபோது ஒரு நாள் கைகொடுத்தீர்களா? எலியாவுக்கு அப்பம் சுட வானதூதர் வந்தார். ஒட்டுசுட்டானில் அந்த வேலைக்கு அயல்வீட்டார் போதும்.

அன்று மூப்பரை உடனே அனுப்பவில்லை. குசினியில் புட்டும் மீன்குழம்பும் இருந்தது. சாப்பிட்டு, வாங்கில் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டார். காலபோக வெட்டு முடியும்வரை முடிவெடுக்க வேண்டாம் என்றும், அதற்கிடையில் திறப்பைக் கொடுக்கக்கூடிய நாலு பேரின் பெயரை எழுதி அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். ஏரைப் பிடித்து உழுதுகொண்டிருந்த எலிசாவைத்தானே எலியா தேடிப்போய்ப் போர்வையைப் போட்டார்? பன்னிரண்டு ஏர்களில் கடைசி ஏரோடு நின்றவர் அவர்.

போன கிழமை கடதாசி வந்தது. மூன்று பெயர்கள்தான். இரண்டு பெண்கள், மூன்றாவது, கோவிலுக்கு வருவதேயில்லை என்று அவர் என்னிடம் குறைசொன்ன உழவு இயந்திரச் சாரதிப் பொடியன். அவனிடம் சனிக்கிழமைத் திறப்பைக் கொடுத்திருக்கிறாராம். இன்னும் துலைக்கவில்லை என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.