தொலைவிலிருந்து செய்யும் சிசுருஷை

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து பணி செய்கிறவனையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாக எண்ணிச் சேர்த்தார். சரக சம்ஹிதையும் இதே நான்கைக் கூறி, அந்தப் பரிசாரகனுக்குப் பணிவிடையின் முறையறிதல், கைத்திறன், நோயாளியிடத்து அனுராகம், சுத்தம் என்று நான்கு குணங்களை விதித்தது. நம் வீடுகளில் அந்த ஸ்தானம் பெரும்பாலும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ வாய்க்கிறது. கௌரவம் மட்டும் அதனோடு சேர்ந்து வருவதில்லை.

2020 மார்ச் 25-ஆம் தேதி இந்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், மருத்துவர் வீடியோவிலும் தொலைபேசியிலும் எழுத்திலும் ஆலோசனை கூறலாம் என்று இசைவளித்ததோடு, மறதி நோய் போன்றவற்றால் தன்னிலை இழந்தவர் சார்பில் பராமரிப்பவரே மருத்துவரோடு பேசலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டன. ஆகவே மருத்துவர் தூரத்தில் இருப்பது இன்று சட்டசம்மதம். பரிசாரகனே தூரத்தில் இருந்தால் அது தர்மசம்மதம் ஆகுமா?

சைவ மரபு இதற்குச் சாதகமாக ஒரு சாட்சியம் தருவதுபோலத் தோன்றும். பறவை ஸ்பரிசத்தாலும் மீன் பார்வையாலும் ஆமை நினைப்பாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்ற நம்பிக்கையைத் துணைகொண்டு, குருவின் அருளும் தீண்டியும் நோக்கியும் நினைந்தும் சீடனைச் சேரும் என்று அது தீட்சையை வகுத்திருக்கிறது. கடலில் இருந்துகொண்டே கரையிலுள்ள முட்டையை ஆமை நினைக்கக்கூடுமானால், டெக்ஸாஸிலிருந்து ஒரு மகன் கும்பகோணத்துத் தகப்பனாரை நினைப்பதில் என்ன குறை என்று கேட்கலாம். ஆனால் தீட்சை ஆன்மாவைப் பற்றியது. படுக்கைப்புண் சரீரத்தைப் பற்றியது. அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது விதி; எத்தனை உத்தமமான நினைப்பும் ஒரு கிழவரின் முதுகைப் புரட்டாது.

எனவே சரகரின் நான்கு குணங்களில் எது கம்பிவழி செல்லும், எது செல்லாது என்று பார்ப்பதே நேர்மையான விசாரணை. சுத்தம் செல்லாது; கைத்திறன் பாதி செல்லும். முறையறிதலோ தாராளமாகச் செல்லும். சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம் புதுக்கோட்டைச் சீமையின் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதற்குள்ளேயே மனநோயாளியும் குடும்பத்தாரும் சென்னை மனநல மருத்துவரோடு திரைவழி பேசவும், மருந்தை அங்கேயே பெற்றுக்கொள்ளவும் வழிசெய்தது. மகன் பேசாதிருப்பது பிடிவாதமல்ல, வியாதி என்று ஒரு தாய்க்குத் தெரிய வருவது சிறிய உபகாரமா? அந்த அறிவு எத்தனை காத தூரத்திலிருந்து வந்தாலும் அதன் புண்ணியம் குறையாது.

சிக்கல் அனுராகத்தில் இருக்கிறது. தகப்பனாரின் அறையில் கேமரா பொருத்திவிட்டு, கடல் கடந்து அதைப் பார்த்துக்கொண்டு, இன்று சர்க்கரை ஏன் கூடிற்று, மாத்திரை ஏன் தாமதமாயிற்று என்று தங்கையைத் தினமும் விசாரிக்கிற அண்ணனிடம் அன்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அன்பு தணிக்கை அதிகாரியின் வேஷத்தில் வருகிறது என்பதே என் ஆட்சேபம். எதிலும் ஒட்டாமல் பார்த்திருக்கும் சாட்சி நிலையை வேதாந்தம் மிக உயர்ந்ததாகப் போற்றுகிறது. நோயாளியின் கட்டிலண்டை அதைவிடத் தாழ்ந்த நிலை வேறில்லை.

இங்கே நம் சமய உணர்ச்சியின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தன்னை மறந்து தொண்டு செய்தவர்களைக் கொண்டாடிக் கொண்டாடியே, களைத்துவிட்டேன் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்வதைக்கூட அபசாரமாக்கிவிட்டோம். மறதி நோயாளிகளைப் பராமரிப்போருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஐசப்போர்ட்' என்னும் இணையவழிப் பயிற்சியில் ஐந்து பகுதிகளுள் ஒன்று முழுவதும் பராமரிப்பவர் தம்மைக் காத்துக்கொள்வது பற்றியது. நம் உபந்நியாசங்களில் அதற்கு ஐந்து நிமிஷம்கூடக் கிடைத்ததில்லை. வருஷக்கணக்கில் மலஜலம் எடுத்த ஒருத்திக்கு, இவர் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று ஒரு நள்ளிரவில் தோன்றினால் அது பாபமா? அல்லவென்றே நான் கருதுகிறேன். அங்கே பேசுவது உறங்காத உடம்பு. ஆனால் அதை அவள் நாத்தனாரிடம் சொல்ல முடியாது, சந்நிதியில் நின்று சொல்லவும் கூசும். முகம் தெரியாத ஒருவரிடம், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில், சொல்லிவிடலாம். தூரம் குறையாக இல்லாமல் குணமாகவே ஆகிவிடும் இடம் இது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் செய்யுமிடத்தில் குருவுக்கும் பாவத்தைச் சொல்பவருக்கும் இடையே ஒரு தட்டி வைத்தார்களே, காரணமில்லாமலா வைத்தார்கள்?

அந்த அண்ணனுக்கும் ஒரு மார்க்கம் உண்டு. வருஷத்தில் ஒரு மாதமேனும் நேரில் வந்து புரட்டிப் போடுவது முதல் கடமை. மற்ற நாட்களில் தகப்பனாரோடு திரையில் பேசிக்கொண்டு, அவசரமானால் பக்கத்து வீட்டாரை அழைக்கும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டு, ஒரு மணி நேரமேனும் தங்கையைக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கவிடுவானானால், கேமராவுக்கும் அனுராகத்தில் ஒரு பங்கு உண்டென்று ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை.